வெற்று லூப்பை ஓட்டிவிட்டு பிராசஸருக்கு மார்க் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் பஞ்சாயத்து ஒன்று உண்டு. 1981-ல் வந்த பிபிசி மைக்ரோவில் இருப்பது 2 மெகாஹெர்ட்ஸ் 6502. 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரமில் இருப்பது 3.5 மெகாஹெர்ட்ஸ் இஸட்80. இரண்டிலும் பேசிக் மொழியில் 1 முதல் 1000 வரை எண்ணும் வெற்று ஃபார்-நெக்ஸ்ட் லூப்பை ஓட்டுவார்கள். பிபிசி பல மடங்கு முந்திவிடும். உடனே தீர்ப்பு: இஸட்80 ஒரு ஆமை!

இது தப்பான தீர்ப்பு மக்களே. அங்கே அளக்கப்பட்டது இஸட்80-ன் வேகமே இல்லை.

பேசிக்கில் நீங்கள் எழுதும் வரியை பிராசஸர் நேரடியாக ஓட்டுவதில்லை. அது ஓட்டுவது, ரோமுக்குள் இருக்கும் இன்டர்பிரட்டரை. ஸ்பெக்ட்ரமின் மொத்த ரோமே 16 கிலோபைட்தான். எல்லாவற்றையும் அதற்குள் திணித்தாக வேண்டும். அதில் கணக்குக்கென்றே ஒரு குட்டி கால்குலேட்டர் மொழி வேறு இருக்கிறது. லூப்பில் ஒன்று கூட்டுவதும் அது வழியாகத்தான் நடக்கும். பிபிசியிலோ பேசிக்குக்கு மட்டுமே தனியாக 16 கிலோபைட் ரோம். அதை வேகத்துக்காகவே இழைத்து எழுதியவர் சோஃபி வில்சன். ஜெயித்தது அவருடைய உழைப்பு. பாராட்டை அவருக்குக் கொடுங்கள், பழியை இஸட்80 மேல் போடாதீர்கள்.

நம்பிக்கை வரவில்லையா? 1981-ல் வந்த இஸட்எக்ஸ்81-ஐப் பாருங்கள். அதில் ஃபாஸ்ட், ஸ்லோ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. ஸ்லோ நிலையில் டிவி திரையில் படம் வரைவதும் பிராசஸரின் வேலைதான். நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஃபாஸ்ட் என்று சொன்னால் திரை போய்விடும், புரோகிராம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். அதே பிராசஸர், அதே புரோகிராம், அதே பேசிக். இதில் எந்த எண் அந்த பிராசஸரின் வேகம்? கொஞ்சம் சொல்லுங்களேன் :-)

"பேசிக்கை விடு, மெஷின் லாங்குவேஜில் அளந்தால் சரியாக வருமே" என்பார்கள். வரும், ஆனால் அதிலும் கவனம் வேண்டும். 1981-ன் ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088. ஒரு ரிஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பை மாற்ற 2 சைக்கிள் என்று கையேடு சொல்லும். ஆனால் அந்தக் கட்டளையின் நீளம் 2 பைட். 8088-ன் பஸ் 8 பிட் அகலம்தான், ஒரு பைட் எடுத்து வர 4 சைக்கிள். ஆக, இப்படிப்பட்ட குட்டிக் கட்டளைகள் வரிசையாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் 8 சைக்கிள் ஆகிவிடும். 16 பிட் பெருக்கலுக்கோ 118-க்குக் குறையாமல் ஆகும். அந்த இடைவெளியில் அடுத்த பைட்கள் தாராளமாக வந்து காத்திருக்கும். எனவே உங்கள் சோதனையில் பெருக்கல் எத்தனை, குட்டிக் கட்டளை எத்தனை என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஒற்றை எண் இங்கேயும் கிடையாது.

இதெல்லாம் அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! 1977-ல் கிலோபாட் இதழில் ரக், ஃபெல்ட்மேன் இருவரும் வெளியிட்ட சோதனைகளிலிருந்துதான் இந்த வெற்று லூப் வந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பு 'பேசிக் டைமிங் கம்பேரிசன்ஸ்'. 1981 செப்டம்பர் பைட் இதழில் ஜிம் கில்பிரெத் பகா எண் சல்லடை சோதனையைத் தந்தார். தலைப்பு 'எ ஹை-லெவல் லாங்குவேஜ் பெஞ்ச்மார்க்'. ஒன்றில் பேசிக், இன்னொன்றில் லாங்குவேஜ். இரண்டு தலைப்பிலும் பிராசஸர் என்ற சொல்லே இல்லை! அந்தச் சல்லடையை அசெம்பிளியில் எழுதினால் ஆப்பிள் II சில நொடிகளில் முடித்துவிடும். அதே மெஷினில் ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கில் ஓட்டினால் அரை மணி நேரத்துக்கும் மேல். கில்பிரெத் காட்ட வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான். அவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். தலைப்பைக் கிழித்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது நாம்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அன்று வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் பேசிக்தான் எழுதினார்கள், அவர்களுக்கு அந்த எண் உபயோகமானதுதானே? நிச்சயமாக. வாங்குபவருக்கு அது நல்ல தகவல். அதனால்தான் பர்சனல் கம்ப்யூட்டர் வேர்ல்ட் இதழ் அந்த ஏழு சோதனைகளோடு எட்டாவதையும் சேர்த்து எட்டு எண்களாகப் போட்டது. அதை "இந்த மெஷினின் பேசிக் வேகம்" என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

வெற்று லூப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டர்போ பாஸ்கல் 7 சாட்சி. அதன் சி.ஆர்.டி. யூனிட், புரோகிராம் தொடங்கும்போதே ஒரு வெற்று லூப்பைச் சுற்றி மெஷினின் வேகத்தை அளந்துகொள்ளும். 1990-களின் பின்பாதியில் வந்த வேகமான பிராசஸர்களில் அந்தக் கணக்கின் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிட்டன.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம் தோழர்களே. டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ ஓட்டி, ஒரு லூப் போட்டு, நேரத்தை ரெக்கார்ட் நோட்டில் "பிராசஸர் ஸ்பீட்" என்று எழுதுகிறோமே, அதில் நாம் அளப்பது டாஸ்பாக்ஸின் சைக்கிள்ஸ் அமைப்பைத்தான். கண்ட்ரோல்-எஃப்12 அழுத்தி அதை ஏற்றிப் பாருங்கள். லேப்டாப்பை மாற்றாமலே "பிராசஸர்" வேகமாகிவிடும்!

எண் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடும்போது நான்கு விஷயங்களையும் சேர்த்துப் போடுங்கள்: முழு புரோகிராம், மொழியும் அதன் பதிப்பும், திரை எந்த நிலையில் இருந்தது, நேரத்தை எதை வைத்து அளந்தீர்கள். பழைய பி.சி.யின் டிக் நொடிக்கு 18.2 முறைதான் அடிக்கும், அதாவது 55 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அரை நொடியில் முடிகிற சோதனையில் இதுவே 10 சதவீதத்துக்கும் மேல் பிழை. குறைந்தது அரை நிமிடமாவது ஓட விடுங்கள். ஒன்றுக்கு மூன்று விதமான புரோகிராம்களை ஓட்டுங்கள்.

இந்த நான்கும் இல்லாமல் யாராவது ஒரு எண்ணைக் காட்டி "இதுதான் வேகம்" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதோட வேகம்?"