அங்கன்வாடிக்கு எல்லைக்கோடு இல்லை

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அப்படித்தான் கோடு விழுந்தது. வேலைக்குப் போவோரும் பெண் கொடுத்து எடுப்போரும் அந்தக் கோட்டை இன்றும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், சின்னஞ்சிறு குழந்தையின் உணவு விஷயத்தில் மட்டும் நம்மவர் சிலர் அதற்கு அஞ்சுகின்றனர். ரேஷன் கார்டு அங்கே, குடியிருப்பு இங்கே. ஆகவே அங்கன்வாடியில் நமக்கு இடமில்லை என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கின்றனர்.

இந்தத் தயக்கம் வீண். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு, உள்ளூர் அங்கன்வாடி மூலம் இலவச உணவு பெறும் உரிமை உண்டு. அது சலுகை அன்று. ஊர் மாறினால் குழந்தையின் பெயரை மாற்றிப் பதியவும் வசதி இருக்கிறது.

சத்துணவு என்றதும் 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், பள்ளி செல்லும் வயதுவரை காத்திருக்க முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளில் குன்றிய வளர்ச்சியைப் பிறகு ஈடுசெய்வது மிகக் கடினம். அந்த வயதுக்கென்றே கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் பொடி கொடுக்கப்படுகிறது. கோதுமை, கடலைப் பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்தது அது. குறுக்காகக் காய்ச்சிக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்கள் அதில் பங்கு கேட்கலாகாது.

மரச்சீனி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு. சாளையும் நெத்தோலியும் அதற்குத் துணையாக வந்தது நம் முன்னோரின் அனுபவ அறிவு. குழந்தைக்கு முள் நீக்கிய மீன், பயறு, முட்டை, முருங்கைக்கீரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது தினமும் சேர வேண்டும். கட்டன் சாயாவும் பிஸ்கட்டும் காலை உணவாகா.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழர் மிகுந்த எல்லையோர ஊர்களில், அங்கன்வாடி அறிவிப்புகளும் பொடியைச் சமைக்கும் முறையும் தமிழிலும் இருக்க வேண்டும். கேரளத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. எழுதத் தெரிந்த குமாஸ்தா நண்பர்கள், எழுதத் தெரியாத தொழிலாளிக்காக ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். அதைவிடப் பெரிய தமிழ்ப்பணி இந்த ஊர்களில் வேறில்லை.