வெளிநாட்டுத் துணையை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி: எமது ஒன்றியத்தின் நிலைப்பாடு

கடுகண்ணாவை, 2022 ஜனவரி

பதிவாளர் நாயகம் 2021 ஒக்டோபர் 18ஆம் திகதியிட்டு வெளியிட்ட சுற்றுநிருபம் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்துவிட்டது. இலங்கையர் ஒருவர் வெளிநாட்டவரை இந்நாட்டில் மணந்து பதிவு செய்வதாயின், அந்த வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் பாதுகாப்பு அனுமதி அறிக்கை கிடைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இச்சுற்றுநிருபம் மீளப்பெறப்பட வேண்டும் என்பதே தோட்ட மக்களின் ஒன்றியமான எமது நிலைப்பாடு. செயற்குழுவில் இதைப்பற்றி இரண்டு கருத்து இருக்கவில்லை. இதன் கீழ் வரும் சில விடயங்களில் கருத்து வேறுபாடு இருந்தது. அவற்றை எல்லோரும் ஏற்கத்தக்க சொற்களில் எழுதியுள்ளோம்.

நடைமுறையை உறுப்பினர்கள் அறிவார்கள். வெளிநாட்டுத் துணை கடந்த ஆறு மாதத்தில் குற்றவாளியாகக் காணப்படவில்லை என்ற சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று, உடல்நிலை குறித்த பிரகடனம் ஆகியவை சமர்ப்பிக்கப்பட வேண்டும். அமைச்சு பார்த்து முடித்த பின்னரே மேலதிக மாவட்டப் பதிவாளர் பதிவு செய்வார். பதிவு இல்லாவிட்டால் விவாகச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வாழ்க்கைத்துணைக்கான வதிவிட வீசாவுக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. ஆகவே இது பதிவகத்தோடு முடியும் விடயமன்று. புருஷனும் பெண்சாதியும் ஒரே வீட்டில், ஒரே நாட்டில் இருக்கலாமா என்பதைப் பாதுகாப்பு அமைச்சு தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது. தை பிறந்ததும் முகூர்த்தம் குறித்திருந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நாம் இங்கே விவரிக்கத் தேவையில்லை.

நாட்டின் பாதுகாப்பில் அரசுக்குள்ள பொறுப்பை ஒன்றியம் மறுக்கவில்லை. ஏமாற்றுத் திருமணங்கள் நடக்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. கடல் கடந்து வந்து, ஏற்கெனவே குடும்பம் இருப்பதை மறைத்துத் தாலி கட்டிப் போனவர்களால் எமது பெண்பிள்ளைகள் பட்ட துன்பத்தைச் சில உறுப்பினர்கள் கண்ணீரோடு எடுத்துச் சொன்னார்கள். எனவே மணமாகாதவர் என்பதற்கு உரிய நாட்டின் அதிகாரபூர்வச் சான்றைப் பதிவாளர் கேட்பது நியாயமானது என்றே கருதுகிறோம். ஆனால் அதைப் பார்க்கப் பதிவாளரே போதும். குற்றச் சான்றுக்கான ஆறு மாதக் கணக்கு யாரைக் காப்பாற்றும்? ஏழு மாதத்துக்கு முன் தண்டனை பெற்றவன் அந்தச் சல்லடையில் அகப்படமாட்டானே. அதே ஆள் சுற்றுலா வீசாவில் வந்து, கண்டியிலும் நுவரெலியாவிலும் ஒரு மாதம் தங்கிப் போவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை எதுவும் வேண்டியதில்லை. ஊர் முன்னே, பெற்றவர் முன்னே, சட்டப்படி பதிவு செய்து குடும்பம் நடத்த வருபவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

எமக்கு மிக முக்கியமானது அடுத்து வருவது.

கண்டி மாவட்டத் தோட்டங்களில் மணம் முடிக்கும் இந்தியர்கள் எங்கிருந்தோ அறிமுகமானவர்கள் அல்லர். பெரும்பாலும் மாமன் மகன், அத்தை மகள், பெரியம்மாவின் சம்பந்தி வீட்டுப் பிள்ளை. இந்த உறவு எப்படி இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகளில் பிரிந்தது என்பதை இந்த அரசு மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது பாட்டன் பாட்டியை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் போனால் நால்வருக்கு இங்கே குடியுரிமை என்று விகிதம் வைத்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. தோட்ட லயத்தில் இருந்தவரின் தலைவிதி கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுதப்பட்டது. தாய் தகப்பன் ஒரு பக்கம், மணமாகிப்போன மூத்த மகள் மறுபக்கம். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இப்படிப் பிரியாத குடும்பத்தை எமது தோட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய கோச்சிகள் இந்த வழியாகவே போயின. பதுளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஏறியவர்கள் கடுகண்ணாவை நிலையத்தைக் கடந்து, பாலனைக் குகைகளுக்குள் இறங்கி, பொல்காவலையில் திரும்பி, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று எமது சனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தண்டவாளத்து ஓரத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையசைத்ததை இன்றும் சொல்லும் பாட்டிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கும், பின்னர் நீலகிரிக்கும் வால்பாறைக்கும், திருச்சி கொட்டப்பட்டுக்கும், கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1984க்குப் பிறகு கப்பலும் நின்றது. கடிதம் நின்றது. சாவுக்குப் போக முடியவில்லை, வாழ்வுக்கும் போக முடியவில்லை.

அந்த அறுந்த உறவைத் திரும்பக் கட்டுவதற்கு எமது மக்களிடம் இருந்த ஒரே வழி கல்யாணம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். போர் முடிந்து, கையில் கடவுச்சீட்டும் கைப்பேசியும் வந்த பிறகு, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் விட்டுப்போன சொந்தம் மறுபடி சொந்தமானது. கூடலூர்ப் பையன் கடுகண்ணாவைக்கு மாப்பிள்ளையாக வந்தால் அவன் தன் பாட்டன் பிறந்த தோட்டத்துக்கு வருகிறான். அவனுடைய பாட்டன் இந்த நாட்டுத் தேயிலைக்கு உழைத்தவர். அந்தப் பாட்டனைக் கப்பலேற்றிய அரசு, பேரனின் கல்யாணத்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் முத்திரை கேட்கிறது. எங்களைப் பிரித்தவர்களே, நாங்கள் சேர்வதற்கு அனுமதி வழங்குபவர்களாகவும் இருக்கப் பார்க்கிறார்கள். இதை ஒரு நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஏற்றுக்கொள்ள எம்மால் முடியாது.

இந்தியாவிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு வந்தால் என்ன என்று அதிகாரிகள் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே எத்தனை போராட்டம் தேவைப்பட்டது என்பது நாடறிந்தது. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பம் விமானச்சீட்டு எடுத்துப் போய் மகளுக்குத் தாலி கட்டிப்பார்க்க வேண்டுமா? பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்துக்கு ஒரு தடவை போய்வந்தாலே அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை எமது கருத்து சுருக்கமானது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் யார் யாரை மணக்கக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்பு அமைச்சுக்கு அதில் வேலை இல்லை. பாராளுமன்றம் விதிக்காத தடையை ஒரு சுற்றுநிருபத்தால் விதிக்க முடியுமா என்பதை, தேவைப்படின், நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைத் தருகிறது. திருமண உரிமையை ஏற்கும் குடியியல், அரசியல் உரிமைகள் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. பிரித்தானியாவிலும் 2005இல் இதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் மணம் முடிக்க உள்துறை அமைச்சின் அனுமதிச் சான்று வேண்டும் என்றார்கள். 2008இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அத்திட்டம் திருமண உரிமையை மீறுவதாகக் கண்டது. 2011இல் திட்டமே ஒழிக்கப்பட்டது. துணை வீசாவுக்கு 2022இல் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்டச் சொன்ன நாடு அது. எமது உறவினர்கள் அங்கே அதனால் படும் பாட்டை நாம் அறிவோம். அத்தகைய நாடுகூட, வீசாவைக் கட்டுப்படுத்துவது வேறு, கல்யாணத்தையே தடுப்பது வேறு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணவாழ்வில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாகத்தான் இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விதி 2003இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண் தன் பிள்ளைக்கே வீசா தேடி அலைந்தாள். அந்தக் காலத்துக்குத் திரும்பும் எந்த ஏற்பாட்டையும் எமது மகளிர் அணி எதிர்க்கும். ஒன்றியமும் அதனுடன் நிற்கும்.

இந்த வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களும், வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில் துணை தேடிக்கொண்ட சிங்களச் சகோதர சகோதரிகளும் இதே சுற்றுநிருபத்தால் பாதிக்கப்படுகிறார்கள். அவர்களுடன் சேர்ந்து குரல் கொடுக்க விரும்புகிறோம். சுற்றுநிருபம் வெளியான அதே ஒக்டோபர் மாதத்தில் அமைக்கப்பட்ட ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணி பற்றி ஒன்றியம் இப்போது கருத்துத் தெரிவிப்பதைத் தவிர்க்கிறது. ஆனால் நாட்டில் ஒரே சட்டம் வேண்டும் என்பவர்கள், துணையின் கடவுச்சீட்டைப் பார்த்து சில திருமணங்களுக்கு மட்டும் வேறு விதி வைப்பதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இந்திய அரசிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இங்கிருந்து மணம் முடித்துப்போன பெண் நுழைவு வீசாவில் இருந்து, பதிவு செய்த திருமணம் இரண்டாண்டு நீடித்த பிறகே கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிரஜாவுரிமைக்கு ஏழாண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தாயகம் திரும்பியோரின் உறவினர்களுக்கு இக்காலங்கள் இயன்றவரை குறைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து இந்தியரை மணந்து, உரிய ஆவணமின்றிக் கடல்வழி வந்த ஒரே காரணத்தால் சட்டவிரோதக் குடியேறிகளாக எண்ணப்படும் இலங்கைத் தமிழரின் நிலையும் அந்த அரசின் கவனத்துக்குரியது.

இலங்கை அரசிடம் நாம் கேட்பது: சுற்றுநிருபத்தை மீளப்பெறுங்கள். மீளப்பெறும் வரை, சென்ற ஆண்டே நிச்சயிக்கப்பட்ட திருமணங்களுக்காவது விலக்குக் கொடுங்கள். இந்த இடைக்கால ஏற்பாட்டை ஏற்பதில் செயற்குழுவில் தயக்கம் இருந்தது. தை, மாசி முகூர்த்தங்களை எண்ணியே சேர்த்தோம். பதிவு முடிந்தவருக்கு வதிவிட வீசா குறித்த காலக்கெடுவுக்குள் கிடைக்க வேண்டும். கிடைத்தவர் உழைத்துச் சாப்பிடவும் உரிமை வேண்டும். விண்ணப்ப விளக்கங்கள் தமிழில் இருக்க வேண்டும், கண்டியிலேயே கையளிக்கவும் முடிய வேண்டும்.

உறுப்பினர்களுக்கு: பிரதேச செயலகத்திலோ வேறு எங்கோ உங்கள் திருமண அறிவித்தலை வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் போன திகதியையும் சொல்லப்பட்ட காரணத்தையும் குறித்து, கூட வந்த ஒருவரின் கையொப்பத்தோடு உங்கள் தோட்டக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். மாப்பிள்ளை, பெண் இரு வீட்டாரிடமும் தாத்தா பாட்டியின் பழைய கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் அவற்றின் பிரதியையும் இணையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒன்றியம் அனுப்பும் முறைப்பாட்டுடன் அவை அனைத்தும் சேர்க்கப்படும்.

செயற்குழு