சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: எந்தத் தையலை நினைத்துப் பயம்?

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதற்குச் சுகப்பிரசவம் முயன்று பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் ராத்திரி தூக்கம் இல்லை. ‘கிழிஞ்சிடுமோ?’ என்ற ஒரே நினைப்பு. தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அப்படியென்றால் இந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருக்கும்? வெளியே சொல்லத்தான் கூச்சம்.

எது கிழியும் என்று கேட்டால், இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். ஒன்று, கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் விட்டுவிடுமோ என்பது. மற்றொன்று, குழந்தை வெளியே வரும்போது பிறப்புறுப்புக்குக் கீழே கிழியுமோ என்பது.

பழைய தையல் பிரிவது ஆபத்துதான், ஆனால் அபூர்வம். கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நடக்கலாம். ஆபரேஷன் தியேட்டர் தயாராக உள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும் என்பது இதற்காகத்தான். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக் கொடுங்கள். வயிற்றின் மேல் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளேயும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது.

கீழே கிழிவது நேர் எதிர். சகஜம், பெரும்பாலும் சிறியது. முதல் சுகப்பிரசவத்தில் 10 பேரில் 9 பேருக்கு வரை சிராய்ப்போ கிழிசலோ ஏற்படும் (பெயரில் மட்டும்தான் சுகம்!). தேவைப்பட்டால் தையல் போடுவார்கள், சில வாரங்களில் ஆறிவிடும். ஆசனவாய்த் தசைவரை கிழிவது 100-க்கு 6 பேருக்கு என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கழகம். ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு அது 2 பேர்தான். “ரெண்டாவதுதானே, வழுக்கிட்டு வந்துடும்” என்று சொல்லும் அத்தைமார்களே, முதலாவது சிசேரியன் என்றால் அந்த இடத்துக்கு இதுதான் தலைப்பிரசவம்!

34, 35 வாரத்திலிருந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சுத்தமான கையால் வாசனையில்லாத எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மெதுவாக மசாஜ் செய்யலாம். பிரசவ நேரத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அங்கே ஒற்றி வைப்பது பெரிய கிழிசலைக் குறைக்கிறது. தலை தெரியும்போது ‘முக்கு, முக்கு’ என்று அவசரப்படாமல், நர்ஸ் சொன்னதும் முக்குவதை நிறுத்தி, குட்டிக் குட்டியாக மூச்சு விட வேண்டும். வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

“எல்லோருக்கும் வெட்டித் தையல் போடுவீங்களா டாக்டர்?” என்றும் முன்கூட்டியே கேளுங்கள். அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. அவசரத்தில் தேவைப்படுவது வேறு விஷயம்.

எல்லாம் தெரிந்தும் மனசு ஒப்பவில்லையா? மறுபடி சிசேரியன் கேட்பது கோழைத்தனம் இல்லை. அதிலும் வலி, ரிஸ்க் உண்டு. இரண்டையும் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு காற்றையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால் மட்டும், ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.