இருமல் எல்லாம் டிபி அல்ல

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயில். அடுத்தது பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்கள் என்று இங்கிருந்து போகாத ஊர் இல்லை. இந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசு செராமிக் கல்லூரியே இங்கே இருக்கிறது.

ஆனால் பீங்கானுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. களிமண்ணோடு சேர்க்கும் குவார்ட்ஸ் தூளில் இருப்பது சிலிக்கா. அந்தத் தூசியைப் பல வருடம் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். சிலிக்கோசிஸ் என்கிறார்கள். அது வந்தவர்களுக்கு டிபி வரும் ஆபத்தும் அதிகம். பீங்கான் ஆலையோ கல்குவாரியோ, எந்த நாட்டுக்கும் இது பொது.

கதை அதோடு முடிவதில்லை. டிபி குணமான பிறகும் சிலருடைய நுரையீரலில் குழி தங்கிவிடும். மண்ணிலும் மக்கிய குப்பையிலும் வளர்கிற ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அங்கே குடியேறும். எல்லோரும் தினமும் சுவாசிக்கிற பூஞ்சைதான். நல்ல நுரையீரல் அதை விரட்டிவிடும், குழி விழுந்த நுரையீரலால் முடியாது. பிறகு விடாத இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம். அப்படியே டிபி அறிகுறிகள்! சளியில் டிபி கிருமி இல்லாவிட்டாலும் மறுபடி டிபி மாத்திரை எழுதப்படுவது இப்படித்தான். எத்தனை மாதம் விழுங்கினாலும் அந்த மாத்திரை பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

டிபியைக் கண்டுபிடிக்க சிபிநாட், ட்ரூநாட் என்று மூலக்கூறு பரிசோதனைகள் வந்துவிட்டன. கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கி, சில மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடும். பூஞ்சைக்கோ பெரும்பாலும் இன்னும் கல்ச்சர்தான். வளரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேண்டிடா உடலுக்குள் பரவியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிளட் கல்ச்சரில் ஒன்றுமே தெரியாது.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. கொரோனா இரண்டாவது அலையோடு கருப்பு பூஞ்சை வந்தது. மே மாதம் தமிழக அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் கடைசியில் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல் பாதிப்பு என்றது மத்திய அரசு. ஆம்போடெரிசின் மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். ஜிஎஸ்டி கவுன்சில் அதன் மீதிருந்த 5 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. நல்லதுதான். ஆனால் மருந்துக்காக எழுந்த குரலில் பாதியாவது சீக்கிரம் கண்டுபிடிக்கும் சோதனைக்காக எழுந்ததா?

ரத்தத்தில் பிசிஆர் செய்தால், மற்ற சோதனைகளில் பூஞ்சை தெரிவதற்கு ஏறக்குறைய 4 நாள் முன்பே இந்த நோயைப் பிடிக்க முடிகிறது என்று 2022ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. மணிக்கணக்கில் பரவுகிற நோய்க்கு 4 நாள் என்றால் என்ன அர்த்தம்? ஒரு கண் மிஞ்சலாம். உயிரே மிஞ்சலாம்.

பிசிஆர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. காற்றில் பறக்கும் பூஞ்சை விதை சளியில் கலந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். குழியில் நாள்பட்டுத் தங்கிய ஆஸ்பர்ஜில்லஸுக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைதான் முக்கியம். ஸ்கேனும் டாக்டரின் கண்ணும் கூடவே வேண்டும்.

செலவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். கொரோனாவுக்காக மாவட்டங்களில் ஆர்டி-பிசிஆர் லேப் அமைத்தாகிவிட்டது. முதலீடு முடிந்தது. இனி பூஞ்சைக்கான கிட்டும் பயிற்சி பெற்ற ஆட்களும்தான் தேவை. வாரக்கணக்கில் ஆம்போடெரிசின், ஆபரேஷன், குடும்பத்தின் வருமான இழப்பு எல்லாவற்றையும் மறுபக்கம் எழுதினால் எது லாபம் என்று தெரிந்துவிடும்.

2022ல் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியல் போட்டு எச்சரித்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் அதில் மிக ஆபத்தான பிரிவில் இருக்கிறது.

பீங்கான் தூசியில் இருபது வருடம் உழைத்தவர் இருமிக்கொண்டு வருகிறார். டிபி சோதனை நெகட்டிவ். அவரை "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பழைய மாத்திரையையே திரும்பக் கொடுக்கவும் கூடாது. "அப்படியென்றால் பூஞ்சையா?" என்ற அடுத்த கேள்வியை அன்றைக்கே கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல அவருக்குப் பக்கத்திலேயே ஒரு லேப் இருக்க வேண்டும்.