இ20 விவாதத்தில் இடம்பெறாத வால்வு: என்ஜினில் படியும் கரிக்குத் தீர்வு எங்கே?

புதுதில்லி: 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுவதும் வழக்கமான எரிபொருளாகிவிட்ட பிறகு, வாகன உரிமையாளர்களின் கவலை பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகிறது. மைலேஜ் எவ்வளவு குறையும்? பழைய வாகனங்களின் ரப்பர் பாகங்கள் தாங்குமா? எத்தனால் கலக்காத பெட்ரோலையும் மக்கள் தெரிவு செய்ய வழிவிட வேண்டும், விற்பனை நிலையங்களில் எத்தனால் அளவைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. அத்துடன் சட்டரீதியான சர்ச்சை ஓரளவு அடங்கியது.

ஆனால் சர்வீஸ் மையங்கள் தரும் பில்களில் வேறொரு வரி இடம்பிடித்து வருகிறது. 'டீகார்பனைசிங்' அல்லது 'என்ஜின் டீகார்ப்' என்ற பெயரில், என்ஜினுக்குள் படிந்த கரியை அகற்றுவதற்கென்று தனிக் கட்டணம் கேட்கப்படுகிறது. வாடிக்கையாளர் ஏன் என்று கேட்டால், பெட்ரோல் சரியில்லை என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் விடை. அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அந்த வாகனத்தில் எந்த வகை என்ஜின் பொருத்தப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

பாடநூல்களில் 'ஓரதர்' என்று எழுதப்படும் பாகத்தைப் பட்டறைகளில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. வால்வு என்பதே அங்கே புழங்கும் சொல். இக்கட்டுரையிலும் அதுவே பயன்படுத்தப்படுகிறது. என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் வால்வும், புகையை வெளியேற்றும் வால்வும் உண்டு. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் ஒரு நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வெளியேற்றும் வால்வு கடும் வெப்பத்தில் இயங்குவதால் அதன்மேல் படிவது பெரும்பாலும் எரிந்துபோகிறது. சிக்கல் உள்ளிழுக்கும் வால்வில்தான். அதன் பின்புறம் எண்ணெயைச் சுட்டுக் கெட்டியாக்கும் அளவுக்குச் சூடாகிறது. ஆனால் அந்தப் படிவை எரித்துச் சாம்பலாக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. அடுப்பில் வைத்த வாணலியின் அடிப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு கருகி ஒட்டிக்கொள்வதைப் போன்ற நிலை இது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழலாம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு, என்ஜின் ஆயில் தேங்கியுள்ள கீழ்ப்பகுதிக்குச் செல்கிறது. அதை அப்படியே வெளியே விட்டால் காற்று மாசடையும். எனவே ஆயில் ஆவியுடன் கூடிய அந்த வாயுவை மீண்டும் காற்றுக்குழாய் வழியாக என்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு எல்லா நவீன வாகனங்களிலும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பகுதியும் பல என்ஜின்களில் திரும்ப உள்ளே விடப்படுகிறது. சுற்றுச்சூழலைக் காக்கச் செய்த இந்த இரண்டு ஏற்பாடுகளும் வால்வின் முதுகில் கரி சேரவும் காரணமாகின்றன. சீரான ஓட்டத்துக்கு மெல்லிய படிவால் பாதிப்பு இல்லை. படிவு தடித்துவிட்டால் காற்றோட்டம் தடைபடும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது என்ஜின் நடுங்கும், நின்ற நிலையில் ஓட்டம் ஏறி இறங்கும், வேகமெடுக்கத் தயங்கும். முற்றிய நிலையில் வால்வு முழுமையாக மூடாமல் போகவும் கூடும்.

என்ஜின் வகை முக்கியமாவது இங்கேதான். இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களிலும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டரைக் கைவிட்ட இருசக்கர வாகனங்களிலும், பெட்ரோல் வால்வுக்கு முன்பாகவே காற்றுக்குழாயில் தெளிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் வால்வின் முதுகை நனைத்துச் செல்கிறது. அந்தப் பெட்ரோலில் நல்ல சுத்திகரிப்புச் சேர்மானம் இருந்தால் வால்வு தானாகவே கழுவப்படும். சேர்மானம் போதாவிட்டால் பெட்ரோலே கூடுதல் படிவை உண்டாக்கும். தடித்த கரிப்படிவு பஞ்சைப் போலப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்வதால் குளிர்ந்த நிலையில் என்ஜின் தடுமாறுகிறது.

மற்றொரு வகை நேரடித் தெளிப்பு என்ஜின். ஹூண்டாய், கியா, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, மஹிந்திரா ஆகிய நிறுவனங்கள் விற்கும் டர்போ பெட்ரோல் மாடல்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. மைலேஜுக்கும் இழுவிசைக்கும் இது உகந்தது. ஆனால் உள்ளிழுக்கும் வால்வின் முதுகைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. டேங்கில் எவ்வளவு விலையுயர்ந்த பெட்ரோலை நிரப்பினாலும், எந்தச் சேர்மானப் புட்டியை ஊற்றினாலும், அந்த வால்வை அது கழுவாது. தெளிப்பானின் முனையும் எரியறையும் சுத்தமாகலாம். அந்தப் பலன் உண்மையானது. வால்வு சுத்தமாகும் என்று சொல்லி இத்தகைய கார் உரிமையாளரிடம் பெட்ரோல் சேர்மானத்தை விற்பது மட்டும் பொருந்தாது. இந்தக் குறையை உணர்ந்த டொயோட்டா, தனது சில என்ஜின்களில் இரண்டு இடங்களிலும் தெளிப்பான்களைப் பொருத்தியிருக்கிறது. செலவு கூடுவதால் எல்லா நிறுவனங்களும் அந்த வழியில் செல்லவில்லை.

பெட்ரோலின் சுத்திகரிப்புத் திறன் பற்றிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1980-களில் தெளிப்பான் பொருத்திய கார்கள் பெருகியபோது வால்வுப் படிவு குறித்த புகார்களும் பெருகின. பிஎம்டபிள்யூ கார் ஒன்றை 10,000 மைல் ஓட்டி, வால்வைக் கழற்றி எடைபோட்டு, சராசரிப் படிவு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பார்க்கும் சோதனை அப்போது உருவானது. 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 1995 ஜனவரி முதல் விற்கப்படும் பெட்ரோல் அனைத்திலும் படிவைக் கட்டுப்படுத்தும் சேர்மானம் கட்டாயமாக்கப்பட்டது. சேர்மானத்துக்குச் சான்றளிக்கும் சோதனையில் பயன்படுத்தும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் இருக்க வேண்டும் என்றும் அந்நாட்டு விதிகள் கூறுகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் சேர்மானம் ஈடுகொடுக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பு கருதியதையே இது காட்டுகிறது.

அதன் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. சட்டம் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தவுடன், அதற்கு முன் தாராளமாகச் சேர்மானம் கலந்துவந்த சில எண்ணெய் நிறுவனங்களும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு இறங்கின. அது போதாது என்று முடிவு செய்த பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நான்கு நிறுவனங்கள் 2004-இல் 'டாப் டியர்' என்ற தன்னார்வத் தரநிலையை வகுத்தன. அந்தத் தரத்துக்கு உட்பட்ட பெட்ரோலை விற்கும் நிலையங்கள் அதற்கான முத்திரையைக் காட்டலாம். அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 4,000 மைல் ஓட்டத்துக்கு இணையான சோதனைக்குப் பின், இத்தரத்துக்கு உட்படாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டுச்சென்றதாகத் தெரிவிக்கப்பட்டது. இரண்டு வகைப் பெட்ரோலுக்கும் இடையிலான விலை வேறுபாடு கேலனுக்குச் சில சென்ட்டுகள் மட்டுமே.

இந்தியாவில் சாதாரண பெட்ரோலை நிரப்பும் ஒருவருக்கு, அதில் என்ன சுத்திகரிப்புச் சேர்மானம், எந்த அளவில் உள்ளது என்பதைச் சொல்லும் இத்தகைய முத்திரை எதுவும் நிலையங்களில் இல்லை. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் ஆகிய உயர்வகைப் பெட்ரோல்களில் சுத்திகரிப்புச் சேர்மானம் இருப்பதாக அந்நிறுவனங்கள் விளம்பரப்படுத்துகின்றன. இதில் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஆக்டேன் எண் என்பது முன்கூட்டியே வெடித்து எரிவதைத் தாங்கும் திறனின் அளவு. அதற்கும் வால்வைக் கழுவும் திறனுக்கும் தொடர்பில்லை. 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர், சாதாரண குடும்பக் கார் வைத்திருந்தால், அந்த எண்ணால் பெரிய பயனடைவதில்லை. அவருக்குப் பயன் ஏதேனும் இருந்தால் அது சேர்மானத்தால் கிடைப்பதுதான். அதன் அளவோ பலகையில் எழுதப்படுவதில்லை.

கார் நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. சுத்திகரிப்புச் சேர்மானம் உள்ள பெட்ரோல் கிடைக்காத இடங்களில், குறிப்பிட்ட கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு புட்டி சேர்மானத்தை டேங்கில் ஊற்றுமாறு சில நிறுவனங்களின் பயனர் கையேடுகளே அறிவுறுத்துகின்றன. பெரும்பாலானோர் திறந்து பார்க்காத பக்கம் அது.

எத்தனால் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? 2014-இல் 1.53 சதவீதமாக இருந்த கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும், 2030-க்கு என முதலில் வைத்த இலக்கை முந்திக்கொண்டு 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு மற்றும் மக்காச்சோள விவசாயிகளுக்கு வருவாய் கிடைக்கிறது என்ற அரசின் வாதம் வலுவானது. இ0-க்கு வடிவமைத்து இ10-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. வால்வுப் படிவைப் பொறுத்தவரை எத்தனாலை வில்லனாகச் சித்தரிப்பதும், கரியே படியாத தூய எரிபொருள் என்று கொண்டாடுவதும் சரியல்ல. ஆக்சிஜன் அடங்கிய எரிபொருள் என்பதால் எரியறையில் புகைக்கரி பொதுவாகக் குறைகிறது. அதே சமயம் எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கைக் கிளப்பி வடிகட்டிக்கும் தெளிப்பானுக்கும் கொண்டுவரக் கூடியது. அரசும் எண்ணெய் நிறுவனங்களும் எத்தனாலின் அளவைப் பெருமையுடன் அறிவித்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, அதனுடன் கலக்கும் சேர்மானத்தைப் பற்றி விளக்குவதில் காட்டியிருக்கலாம். வாகன உரிமையாளர் எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலைச் சந்தேகிப்பதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

டீகார்பனைசிங் சேவைக்கு மீண்டும் வருவோம். பட்டறைகளில் மூன்று முறைகள் காணப்படுகின்றன. தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக் கலவையை ஓடும் என்ஜினுக்குள் செலுத்துவது ஒன்று. எளிது, பாகம் எதையும் கழற்ற வேண்டியதில்லை. வால்வின் முதுகில் கெட்டிப்பட்ட படிவை இது அகற்றும் என்பதற்கு வலுவான சான்று எதையும் விற்பவர்கள் காட்டுவதில்லை. ரசாயன நுரையைக் காற்றுக்குழாய் வழியே தெளிப்பது இரண்டாவது. இளம் படிவை இது கரைக்கக்கூடும். டர்போ என்ஜினில் கவனமின்றிச் செய்தால் பெயர்ந்துவிழும் கரித்துண்டுகள் டர்போவைப் பாதிக்கும் அபாயம் உண்டு. மூன்றாவது, காற்றுக்குழாயைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, பொடித்த வால்நட் ஓட்டை அழுத்தக் காற்றுடன் பாய்ச்சிச் சுரண்டி எடுப்பது. ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமானது, உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மையானது. நேரடித் தெளிப்பு என்ஜினில் தடித்துப்போன படிவுக்குப் பலன் உறுதியாகத் தெரியும் முறை இதுதான். நேரமும் கூலியும் அதிகம் பிடிக்கும். இதற்கான கருவியும் பயிற்சியும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

எந்த முறையானாலும், கோளாறின் அறிகுறி ஏதுமில்லாத வாகனத்துக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் இதைச் செய்யத் தேவையில்லை. சிறு கேமராவைக் குழாய்க்குள் நுழைத்து வால்வின் நிலையைப் படமெடுக்கும் வசதி இப்போது பல பட்டறைகளில் உண்டு. வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த படத்தைக் காட்டுமாறு வாடிக்கையாளர் கேட்கலாம். படம் காட்ட மறுக்கும் இடத்தில் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படிவைத் தாமதப்படுத்தும் வழிகள் புதியவை அல்ல. என்ஜின் ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன காலத்தில் மாற்றுவதே முதன்மையானது. எளிதில் ஆவியாகும் மலிவான ஆயில் நேரே வால்வில் போய்ப் படியும். தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் கார்களின் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அதன் தரத்தைக் கெடுக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆயிலுக்கும் எரியறைக்கும் நல்லது. ஏற்கெனவே கெட்டியான வால்வுப் படிவு அதனால் உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டீசல் கார்களில் கரி சேரும் முக்கிய இடம் புகையைத் திரும்ப அனுப்பும் இஜிஆர் வால்வும் காற்றுக்குழாயும். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

டர்போ கார் வாங்குபவருக்கு வால்நட் ஓடும் கேமராவும் எட்டக்கூடிய செலவாக இருக்கலாம். நாட்டின் பெட்ரோலில் பெரும்பகுதியை நிரப்புவது இருசக்கர வாகனங்கள். அவற்றின் வால்வைப் பெட்ரோல்தான் கழுவுகிறது. அதாவது சாதாரண பெட்ரோலில் உள்ள சேர்மானத்தின் தரத்தை முழுமையாக நம்பியிருப்பது உணவு விநியோகிக்கும் இளைஞரின் பைக்கும், பால்காரரின் மொபெட்டும். உயர்வகைப் பெட்ரோலுக்கு லிட்டருக்குப் பல ரூபாய் கூடுதலாகக் கொடுக்க அவர்களால் இயலாது. எத்தனால் அளவை மட்டுமாவது பலகையில் எழுதுங்கள் என்ற கோரிக்கை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சேர்மானத்தின் அளவை எழுதுங்கள் என்று இதுவரை பரவலாக எவரும் கேட்கவே இல்லை.