ரேடியேட்டரில் போர்த் தண்ணீர்

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில், பிரித்துப் போட்ட எஞ்சின் பிளாக் ஒன்றைப் பார்த்தேன். வெளிச்சுவரில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்ததும் விரிசல் ரத்தம் கசிந்தாற்போல் எழுந்து வந்தது. டர்போ பூஸ்ட்டைக் கூட்டத் தெரிந்த வண்டிக்காரருக்கு, ரேடியேட்டரில் ஊற்றக் கிடைத்தது உப்புப் போர்த் தண்ணீர்! நீர்ப்பாதையில் துருவும் உப்பும் படிந்தால் சூடு வெளியேறாது. கொதிக்கிற பிளாக்கில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு தாங்காது. கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீர் கலந்தால் போதும், பெரிய செலவில்லை. வெல்டிங் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடால் பற்றவைத்து, மெல்ல ஆறவிடாவிட்டால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். விரிசல் நெடுக ஒன்றையொன்று கவ்வும் மரையாணிகளை இறக்கும் ‘தையல்’ வேலையையே நான் நம்புவேன். அதில் சூடே படாது. சிலிண்டர் சுவரென்றால் ஸ்லீவ் இறக்கலாம். மெயின் பேரிங் பக்கம் ஓடியிருந்தால், பேரம் பேசாமல் வேறு பிளாக் தேடுங்கள்.