88-ஆம் சங்கீதத்துக்கு வாக்குத்தத்த அட்டை கிடையாது

கொஞ்சம் நீளமான பதிவு. என் சபை நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. கடன் தீர இன்ன சங்கீதம், வழக்கு ஜெயிக்க இன்ன சங்கீதம், தூக்கம் வர இன்ன சங்கீதம். காலையில் மூன்று முறை, ஏழு நாள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும்தான் போடவில்லை. அனுப்பியவர் நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சங்கீதப் புஸ்தகத்தை மருந்துச்சீட்டாக்கிய இந்தப் பழக்கத்தைச் சும்மா விட எனக்கு மனசில்லை. காரணம் சொல்கிறேன்.

எங்கள் மூத்த மகன் விபத்தில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் என் மனைவியை ஜெபிக்கச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடி, "ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோபமா இருக்கு. நீர் எங்க போயிருந்தீர்?" என்றாள். அடுத்த வாக்கியத்துக்குள் கூட்டம் நடத்தியவர் குறுக்கிட்டு, "அக்கா, அப்படிப் பேசக்கூடாது. அது சாத்தானுக்கு இடம் கொடுக்கிற வார்த்தை. ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றோடு அவள் வெளியே வாய் திறந்து ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் சொன்னதில் எந்த வார்த்தை வேதத்தில் இல்லாதது? 13-ஆம் சங்கீதக்காரன் எவ்வளவு காலம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். 44-இல் ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து, ஏன் தூங்குகிறீர் என்று கடவுளையே உலுக்குகிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். அத்தனையையும் தாண்டிக் குதித்து, 23, 91, 121 என்று நான்கைந்தை மட்டும் அட்டை அச்சடித்து ஜனவரி முதல் தேதி விநியோகிக்கிறோம். 88-க்கு அட்டை யாராவது பார்த்ததுண்டா? எஸ்ராகியனாகிய ஏமானின் பாட்டு அது. கடைசி வசனம்வரை விடியவே விடியாது. சிநேகிதரும் தெரிந்தவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு துதி வசனத்தை ஒட்டிச் சரிசெய்திருக்கலாமே. செய்யவில்லை.

நான் 34 வருஷம் தமிழ் வாத்தியார். இலக்கணம் பார்க்காமல் எனக்கு வாசிக்கத் தெரியாது. 23-ஐ எடுத்துப் பாருங்கள். புல்லும் தண்ணீரும் இருக்கிறவரை மேய்ப்பரைப் படர்க்கையில் பேசுகிறான், அவர் இப்படிச் செய்கிறார், அப்படி நடத்துகிறார் என்று. இருண்ட பள்ளத்தாக்குக்குள் கால் வைத்ததும் பேச்சு முன்னிலைக்கு மாறிவிடுகிறது. கடவுளைப் பற்றிப் பேசியவன் கடவுளிடம் பேசத் தொடங்குகிறான். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தில் இதை நாற்பது வயதுவரை நானே கவனிக்கவில்லை. 88-க்கும் அதே கணக்குத்தான். அத்தனை இருட்டிலும் ஏமான் முன்னிலையை விடவில்லை. யாரைக் குற்றம் சாட்டுகிறானோ அவரிடமேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் மனைவி செய்ததும் அதுதான். நாங்கள்தான் அவளை நிறுத்தினோம். 'நாங்கள்' என்றுதான் எழுதவேண்டும், ஏனென்றால் நானும் அன்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

"அதெல்லாம் பழைய ஏற்பாடு சார்" என்பார்கள். சரி, புதியதற்கு வருவோம். தேவாலயத்து உப்பரிகையில் 91-ஆம் சங்கீதத்தை வாக்குத்தத்த வசனமாக எடுத்துக்காட்டி, குதித்துப் பாரும் என்றது யார்? பிசாசு. சிலுவையில் தொங்கியபடி இயேசு எடுத்த சங்கீதங்கள் எவை? 22-இன் முதல் வரியும் 31-இல் ஒரு வரியும். முதலாவது, கைவிடப்பட்டவனின் கேள்வி. இரண்டாவது, தன் ஆவியை ஒப்புக்கொடுப்பது. 91-ஐ வாசிக்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் தினமும் அதில் இளைப்பாறுகிறவன்தான். அதைக் காசோலை மாதிரி நீட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை.

சாப சங்கீதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 137-இன் கடைசி வசனம் இன்றுவரை என் வாயில் வருவதில்லை. ஆனால் 109-ஐ, என் மகனை இடித்துவிட்டு நிற்காமல் போன லாரிக்காரனை நினைத்து, பல மாதம் வாசித்திருக்கிறேன். ஆசிரியராக இருந்தவன் இதை எழுத வெட்கம்தான். அந்த வார்த்தைகளைக் கொட்ட அங்கே ஓர் இடம் இல்லாதிருந்தால் நான் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்ற போதகர் 1940-இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பெற்றோர் பேசக் கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது, ஜெபமும் அப்படித்தான் வரும் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. குழந்தைக்கு நாம் 'சந்தோஷம்', 'நன்றி' என்ற இரண்டு சொல்லை மட்டும் கற்றுக்கொடுத்தால், வயிறு வலிக்கும்போது அது என்ன சொல்லும்?

வழி புதிதாக ஒன்றும் தேடவேண்டாம். ஆங்கிலிக்கன் ஜெபப் புஸ்தகத்தில் 150-ஐயும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மனநிலைக்கு ஏற்றதை நீங்கள் பொறுக்க முடியாது. சந்தோஷமான நாளில் புலம்பல் வரும். அப்போது அதை அழுதுகொண்டிருக்கிற இன்னொருவருக்காக வாசியுங்கள். 17-ஆம் தேதி காலையில் 88 வரும், மறுநாள் காலையில்தான் 91 வரும். ஒரு ராத்திரி காத்திருக்கவேண்டும்.

நானும் அவளும் இரண்டு வருஷமாக இப்படித்தான் வாசிக்கிறோம், ஆளுக்கு ஒரு சங்கீதம். ஜெபக் கூட்டங்களில் இன்னும் அவள் வாய் திறப்பதில்லை. நாளை 17. முறைப்படி 86 அவள், 87 நான், 88 அவள்.